பெருசா ஒண்ணு

பெரும்பாக்கம்
9 ஜூன் 2024

ஆஃப்ரீன்,

என் எண்ணை நீ தடுத்து வைத்திருக்கிறாய் என்பது மூன்றாவது முறை அழைத்தபோதுதான் புரிந்தது. அதனால் தபாலில் எழுதுகிறேன். உன் முகவரியை நான் எங்கும் தேட வேண்டியதில்லை. கூவக்கரையில் எங்கள் குடிசை இருந்த காலத்தில் எங்களுக்கு வரும் தபாலுக்கெல்லாம் சிந்தாதிரிப்பேட்டை உங்கள் வீட்டு எண்ணைத்தானே கொடுத்துவந்தோம். எனக்குக் காலேஜில் இடம் கிடைத்த கடிதம்கூட உங்கள் வீட்டுக் கதவுக்கடியில்தான் வந்து விழுந்தது.

பாலு அண்ணன் போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. அம்மா அடையாறு வீட்டு வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். சமைப்பதில்லை. டி.வி. ரிமோட்டை வாங்கின நாளிலிருந்து பிளாஸ்டிக் கவரோடு வைத்திருப்பாளே, அது மாதிரி அண்ணனின் சாமான் எல்லாவற்றையும் அப்படியே வைத்திருக்கிறாள். காரியம் முடியுமுன் அவன் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. அதைக்கூடப் பிரிக்க விடவில்லை. கட்டிலுக்கடியில் தள்ளி வைத்து மேலே அவன் லுங்கியை மடித்துப் போட்டிருக்கிறாள்.

நான் சண்டை போட எழுதவில்லை. சண்டை போட எனக்கு வராது, உனக்குத் தெரியும். நானும் அண்ணனும் வேலை பார்த்த ஆபீசில் வயரிங் வேலைக்கு ஆள் வேண்டும் என்று முதலாளி சுந்தரராமன் சார் கேட்டபோது, என் தோழியின் அப்பா இருக்கிறார், நம்பிக்கையான ஆள் என்று நான்தான் சொன்னேன். நான் அந்த ஆபீசில் வாயைத் திறந்து சொன்ன முதல் பேச்சே அதுதான். பாய் மாமா இழுத்த லைன்தான் அன்று எரிந்தது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது என் அண்ணன்.

லைன் எரிந்ததற்காக நான் மாமாவைக் குற்றம் சொல்லவில்லை. ஒரே ஒரு விஷயத்தைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. லோடு கூடினால் தானே விழுந்து கரண்டை நிறுத்தும் அந்த டிரிப்பரைப் பெரியதாகப் போட்டுக்கொள்ள மாமாதான் அண்ணனிடம் போனில் சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். போலீஸ் வந்தபோது எங்கள் அம்மா அதைத்தான் சொன்னாள், ஏனென்றால் நான் அம்மாவிடம் அதைத்தான் சொல்லியிருந்தேன். இப்போது மாமா, "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்கிறாராம். அவர் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. ஏன் ஆஃப்ரீன்?

அன்புச்செல்வி


சிந்தாதிரிப்பேட்டை
15 ஜூன் 2024

அன்பு,

வக்கீல் உங்கள் வீட்டோடு போனில் ஒரு வார்த்தையும் பேசக்கூடாது என்றார். தபாலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பாலு போனதற்கு எங்கள் வீட்டிலும் அழுதோம். அம்மி இரண்டு நாள் ஒன்றும் சாப்பிடவில்லை. அதை உங்கள் அம்மா நம்பமாட்டார்கள். நம்ப வேண்டாம். ஆனால் துக்கத்துக்கு வந்த அம்மியை வாசலில் வைத்து, "எம் புள்ளைய எரிச்சவன் பொண்டாட்டி வந்துகீறா பாரு" என்றார்களே, அப்போது நீ அவர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாய். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நீ எப்போதும் எல்லாவற்றையும் பார்ப்பாய். பேசமாட்டாய்.

சரி, பார்ப்பவளிடமே கேட்கிறேன். அப்பா முடுக்கும் ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலும் சிவப்பாக ஒரு பொட்டு இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? என் பெரியம்மா மகள் நிக்காஹ்வுக்கு வாங்கின நெயில் பாலிஷ். நகத்தில் போட்டால் தொழுகைக்கு ஆகாது என்று அம்மி என்னைப் போட விடவில்லை. அப்பா அந்த பாட்டிலைத் தூக்கித் தன் டூல் பைக்குள் போட்டுக்கொண்டார். முடுக்கி முடித்த ஸ்க்ரூ மீது ஒரு பொட்டு. பொட்டு இருந்தால் அது அவர் கை பட்டது. பின்னால் யாராவது திருப்பினால் பொட்டு உடைந்துவிடும். பாட்டில் தீர்ந்துபோனால் அதே நிறத்தில் வேறு வாங்கி வருவார். கடையில் எல்லாரும் சிரிப்பார்கள்.

உங்கள் ஆபீஸ் போர்டில் அந்த முப்பத்திரண்டு ஆம்பியர் டிரிப்பரின் ஸ்க்ரூவில் பொட்டு இருந்ததா? அப்பா அங்கே போட்டது இருபது. அவர் இழுத்த ஒயர் இருபதுக்கு மேல் தாங்காது என்பதால்தான் இருபது போட்டார். அதை யார் கழற்றினார்கள்?

உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். அப்பா ஜாமீனில் இருக்கிறார். லைசன்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். குற்றம் என்று தீர்ப்பானால் உள்ளே போவார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது, சர்க்கரை வேறு.

ஆஃப்ரீன்


பெரும்பாக்கம்
23 ஜூன் 2024

ஆஃப்ரீன்,

உன் கடிதத்தைப் பஸ்ஸில் வைத்துப் படித்தேன். இங்கிருந்து அடையாறு வரை உட்கார இடம் கிடைத்தால் ஒரு மணி நேரம். அம்மா விட்ட வீட்டு வேலைக்கு இப்போது நான் போகிறேன். அந்த வீட்டு அம்மாவுக்கு நான் பி.எஸ்ஸி. படித்தவள் என்று தெரியாது. நானும் சொல்லவில்லை.

பொட்டு இல்லை.

இதை எழுதிவிட்டு இரண்டு நாள் கடிதத்தைத் தொடவில்லை. இனி ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் ஆபீஸ் ஒரு வீட்டின் முதல் மாடி. கட்டப்போகும் அடுக்குமாடி வீடுகளைக் கட்டி முடித்த மாதிரியே வீடியோவாகச் செய்து பில்டர்களுக்குக் கொடுப்பது வேலை. பின்னறையில் எட்டு கம்ப்யூட்டர்கள் இராப்பகலாக ஓடும். எல்லாமே அண்ணன் ரிச்சி ஸ்ட்ரீட்டில் பார்ட் பார்ட்டாக வாங்கிச் சேர்த்தவை. பாய் மாமா வந்தபோது ஒரு ஏ.சி., எட்டு மெஷின் என்று கணக்குப் போட்டுத்தான் லைன் இழுத்தார். அது சரியாகத்தான் இருந்தது.

ஏப்ரலில் சார் ஒரு பெரிய வேலை பிடித்தார். புது மெஷின் கேட்டான் அண்ணன். "இருக்கறதையே வேகமா ஓட்ட முடியாதா? நீதான் பெரிய எக்ஸ்பர்ட்டாச்சே" என்றார் சார். அண்ணனை யாரும் அதுவரை எக்ஸ்பர்ட் என்று சொன்னதில்லை. பத்தாவதோடு நின்றவன். அன்று சாயங்காலமே ஓவர்க்ளாக் செய்ய ஆரம்பித்துவிட்டான்.

பிராசஸரை ஒரு வேகத்துக்குச் செய்து அனுப்புகிறார்கள். அதற்கு மேல் ஓட்ட வேண்டுமானால் வோல்டேஜைக் கூட்ட வேண்டும். வேகம் கொஞ்சம்தான் ஏறும். கரண்ட் ரொம்ப ஏறும், சூடு அதற்கும் மேலே ஏறும். பெட்டியின் மேல் நூற்றிருபத்தைந்து வாட் என்று அச்சடித்திருந்த பிராசஸர், அண்ணன் வைத்த அளவில் முந்நூறு இழுத்தது. எட்டும் அப்படி. அக்னி நட்சத்திரம் வேறு. பின்னறைக்குள் நுழைந்தால் பேக்கரி அடுப்பைத் திறந்த மாதிரி இருக்கும். மெஷின் நூறு டிகிரியைத் தொட்டதும் தானே நின்றுவிடும். உடனே சார் இரண்டாவது ஏ.சி. வாங்கினார். அதையும் அதே லைனில்தான் மாட்டினார்கள். குளிர் வெளியே போகாமல் இருக்க ஜன்னல் இடுக்கெல்லாம் அண்ணன் டேப் ஒட்டினான். அந்த டேப்தான் கடைசியில் புகையையும் வெளியே விடவில்லை.

அப்புறம் டிரிப்பர் விழ ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் பாதி வேலை அழிந்துபோகும், சார் கத்துவார். மே பதினொன்றாம் தேதி அப்படி விழுந்து எல்லாம் இருட்டாகக் கிடந்தபோதுதான் நான் டீ எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அண்ணன் போனை ஸ்பீக்கரில் போட்டு மாமாவோடு பேசிக்கொண்டிருந்தான். நான் கேட்டது இதுதான். ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

"நின்னு நின்னு போவுது பாய் மாமா. பெருசா ஒண்ணு போட்டுக்கவா?"

"போட்டுக்கோ நைனா. சின்னத வச்சிக்கினு இன்னாத்துக்கு அவஸ்தப்படுற?"

இரண்டு நாள் கழித்து அண்ணன் போர்டு முன்னால் ஸ்க்ரூ டிரைவரோடு நின்றான். "இனிமே வுழாது பாரு" என்றான். நான் பார்த்தேன். மற்ற ஸ்க்ரூவில் எல்லாம் சிவப்பு. புதியதில் வெறும் இரும்பு. மாமா சொல்லித்தானே போடுகிறான், அவர் வரும்போது பொட்டு வைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். விழ வேண்டிய சுவிட்ச் விழாமல் நின்றதால் ஒயர் மேலே கூரைக்குள் எரிந்தது என்று இப்போது புரிகிறது. அன்று எனக்குத் தெரியாது. தீப்பிடித்தது அதற்கடுத்த இரண்டாம் நாள்.

போன வாரம் சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் பட்டும் படாமல் உட்கார்ந்து, "ஓவர்க்ளாக்கோ என்னவோ, அந்தப் பையன் என்ன பண்ணிண்டிருந்தான்னு எனக்கு ஒண்ணுமே தெரியாது. வயரிங் தப்புன்னே கேஸ் போகட்டும். அதுதான் உங்களுக்கும் நல்லது, நாங்க உங்களைப் பார்த்துக்கறோம்" என்றார். அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். பாலு மீது தப்பு இல்லை என்று ஒருவராவது சொல்கிறாரே என்பதுதான் அவளுக்கு.

நான் போய் அவன்தான் மாற்றினான் என்று சொன்னால், அவள் பிள்ளையை அவள் வயிற்றில் பிறந்தவளே இரண்டாம் தடவை எரித்த மாதிரி. மாமா சொல்லித்தான் மாற்றினான் என்பதாவது இருந்தால் என்னால் தாங்க முடியும். அதையும் இல்லை என்கிறீர்கள்.

அன்பு


சிந்தாதிரிப்பேட்டை
30 ஜூன் 2024

அன்பு,

அப்பாவுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. உன் கடிதத்தை நான் உரக்கப் படித்தேன். போனில் பேசின இடம் வந்ததும் கையை நீட்டி நிறுத்தச் சொன்னார். திரும்பப் படிக்கச் சொன்னார். நான்கு முறை படித்தேன்.

பிறகு, "ஃபேனு" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீ படிச்சதுக்கு முன்னால அவன் வேற சொன்னாம்மா. பிராசஸர் நூறு டிகிரி தொடுது, மேல ஒக்காந்துகீற ஃபேன் பத்தல, மெஷின் நின்னு நின்னு போவுதுன்னான். அப்புறம்தான் பெருசா ஒண்ணு போட்டுக்கவான்னு கேட்டான். நான் ஃபேனத்தான் சொன்னேன். டிரிப்பர்னு ஒரு வார்த்த அவன் வாயில வர்ல."

நீ உள்ளே வந்தது பாதியில். எதை என்று கேட்காமல், எதை என்று சொல்லாமல், இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டார்கள். நாம் எல்லோரும் அப்படித்தானே பேசுகிறோம்.

இதை எழுதிவிட்டால் என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா ரொட்டியைப் பிய்த்து வைத்துக்கொண்டு, "நான் ஃபேனுன்னு நெனச்சேன். அவன் எத கேட்டான்னு அவனுக்குத்தான தெரியும்" என்றார். மறுநாளும் அதையே சொன்னார். அவன் ஒருவேளை டிரிப்பரைத்தான் கேட்டிருந்தால், தான் "போட்டுக்கோ" என்று சொன்னதை நம்பித்தானே போட்டிருப்பான் என்கிறார். அம்மி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். வீட்டில் சுவிட்ச் போட்டால் எழுந்து போய் பக்கத்தில் நிற்கிறார். சூடாகிறதா என்று சுவரைத் தொட்டுப் பார்க்கிறார்.

போலீஸில் நீ சொன்னால்தான் இவர் இதை நிறுத்துவார். நான் உன்னைத் திட்டுவதற்கு எழுதிய மூன்று வரிகளை அடித்துவிட்டேன். தெரிகிறதா? பேனா அழுத்தம் பின்பக்கம் இருக்கும்.

ஆஃப்ரீன்


பெரும்பாக்கம்
7 ஜூலை 2024

ஆஃப்ரீன்,

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து ஸ்டேஷன் வரை போனேன். வாசலில் ஒரு பெண் காவலர் செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடிக்கட்டும் என்று நின்றேன். முடித்துவிட்டு, "இன்னாம்மா?" என்றார். நான் மந்தைவெளிக்கு எந்த பஸ் என்று கேட்டேன். சொன்னார். அந்த பஸ் வந்தது, ஏறிவிட்டேன். எனக்கு மந்தைவெளியில் ஒரு வேலையும் இல்லை.

காலேஜில் வருகைப் பதிவின்போது "உள்ளேன்" என்று சொல்ல முடியாமல் முதல் மாதம் முழுக்க ஆப்சென்ட் வாங்கினேனே, நீதான் எனக்காகச் சொல்ல ஆரம்பித்தாய். இதை நீ சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரிகிறது.

அம்மா நேற்று முதல்முறையாகக் குழம்பு வைத்தாள். அண்ணன் தட்டையும் எடுத்து வைத்தாள். இன்னும் ஒரு வாரம் கொடு. அவள் கொஞ்சம் சாப்பிட ஆரம்பிக்கட்டும். பிறகு சொல்கிறேன். நிச்சயம் சொல்கிறேன்.

அன்பு


சிந்தாதிரிப்பேட்டை
12 ஜூலை 2024

அன்புச்செல்வி,

நீ கேட்ட ஒரு வாரம் தேவைப்படவில்லை.

அப்பா நேற்று ஜொஹர் தொழுதுவிட்டு வருகிறேன் என்று போனவர், நேராக ஸ்டேஷனுக்குப் போய், "நான்தான் போடச் சொன்னேன். அந்தப் பையன நான்தான் கொன்னேன்" என்று சொல்லிவிட்டார். வக்கீலுக்குப் போன் செய்யவில்லை, எங்களிடம் சொல்லவில்லை. எழுதி வாங்கிக்கொண்டார்கள். விரலை வைத்தார். சாயங்காலமே மாஜிஸ்டிரேட் முன் நிறுத்தினார்கள், அங்கேயும் அதையே சொன்னார்; ஜாமீனை ரத்து செய்து உள்ளே அனுப்பிவிட்டார்கள்.

வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். இனி யார் என்ன சொன்னாலும் அவர் வாயால் சொன்னதைத் தாண்டி வர வேண்டும் என்கிறார்.

டூல் பையை வீட்டில் விட்டுப் போயிருக்கிறார். நெயில் பாலிஷ் பாட்டில் அதற்குள் கொட்டி, ஸ்பேனர் எல்லாம் சிவப்பாக ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. அம்மி அதைக் கழுவ விடமாட்டேன் என்கிறாள்.

இனி எழுதாதே.

ஆஃப்ரீன்


பெரும்பாக்கம்
21 ஜூலை 2024

ஆஃப்ரீன்,

எழுதாதே என்றாய். இது ஒன்றை மட்டும் படித்துவிடு.

உன் கடிதம் வந்த அன்று அம்மா குழாயடிக்குப் போயிருந்தாள். நான் கட்டிலுக்கடியிலிருந்து அந்தப் பார்சலை இழுத்தேன். ஏன் இழுத்தேன் என்று தெரியவில்லை. அவனிடம் கேட்க எனக்கு வேறு எதுவும் மிச்சமில்லை, அதனால் இருக்கலாம். லுங்கியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு டேப்பைக் கிழித்தேன்.

உள்ளே ஒரு ஃபேன் இருந்தது.

பிராசஸர் மேல் உட்காருகிற ஃபேன். அடியில் அலுமினியத் தகடுகள் அடுக்கி, இரண்டு கையாலும் பிடிக்கிற அளவு பெரியது. ஆபீசில் இருந்ததைவிட மூன்று மடங்கு இருக்கும். பார்சல் மேல் ஒட்டியிருந்த சீட்டில் ஆர்டர் செய்த நாள் மே பதினொன்று. மாமாவிடம் பேசிவிட்டு, கரண்ட் வருவதற்கு முன், அந்த இருட்டிலேயே போனில் ஆர்டர் போட்டிருப்பான். ஒன்றே ஒன்று. சரியாக இருந்தால் மற்ற ஏழுக்கும் வாங்கலாம் என்று நினைத்திருப்பான். வருவதற்கு ஒரு வாரம் ஆனது. சார் ஒரு நாள்கூடக் காத்திருக்கவில்லை. டிரிப்பரை அவன் யாரையும் கேட்காமல் மாற்றினான்.

அம்மா குடத்தோடு வந்து வாசலில் நின்றாள். பிரித்துக் கிடந்ததைப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். குடத்தை இறக்காமலே கேட்டாள்.

"இத போய் சொல்லப் போறியா?"

"ஆமாம்மா."

"செத்தவன் வந்து இல்லன்னு சொல்லவா போறான். அவன் மேல போட்டா யாரும் கேக்கமாட்டாங்க. அதான சொல்ற?"

நான் ஃபேனை அதே பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவள் தடுக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது லுங்கியை உதறி மடித்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டேஷனில் அதே பெண் காவலர். "மந்தவெளியா?" என்றார், சிரித்தார். இல்லை, இன்ஸ்பெக்டரைப் பார்க்க வேண்டும் என்றேன். எனக்கே என் குரல் பெரிதாகக் கேட்டது.

இன்ஸ்பெக்டர் முழுவதையும் கேட்டார். "பாய்தான் ஒத்துக்கினாரேம்மா. அண்ணன்தான அவன் உனக்கு? கூடப் பொறந்தவன் மேலயே போடுறியா?" என்றார். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன், ஆனால் சொன்னேன். என் அண்ணன் அதை மாற்றியதை நான் பார்த்தேன். மாமா சரி என்று சொன்னது இந்த ஃபேனுக்கு. அவர் பொய்யாக ஒத்துக்கொள்ளவில்லை, தெரியாமல் ஒத்துக்கொண்டார். நீங்கள் எடுத்து வைத்திருக்கும் போர்டைப் பாருங்கள், எல்லா ஸ்க்ரூவிலும் சிவப்பு இருக்கும், அதில் மட்டும் இருக்காது. எழுத்தர் எழுதிக்கொண்டே வந்தார். மெஷினை வேகமாக ஓட்டச் சொன்னது சுந்தரராமன் சார் என்றபோது மட்டும் பேனா நின்றது. "அது தேவையில்லம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். நான் மறுபடி சொன்னேன். மூன்றாம் தடவை சொன்ன பிறகு எழுதினார்களா என்று தெரியவில்லை. வாசித்துக் காட்டச் சொல்லியிருக்க வேண்டும். கையெழுத்து போட்டு வெளியே வந்த பிறகுதான் அது தோன்றியது.

ஃபேனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பெண் காவலர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு விரலால் ஒரு தட்டுத் தட்டினார். சத்தமே இல்லாமல் வெகு நேரம் சுற்றியது. அடித் தகட்டில் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக்கைக்கூட யாரும் இன்னும் உரிக்கவில்லை.

இது போதுமா, மாமா வெளியே வருவாரா என்று எனக்குத் தெரியாது. வக்கீலிடம் சொல். எங்கே கூப்பிட்டாலும் வந்து இதையே சொல்வேன். சார் இனி எங்கள் வீட்டுப் பக்கம் வரமாட்டார். அம்மா சமைக்கிறாள், சாப்பிடுகிறாள். நான் சமைத்ததைத் தொடுவதில்லை. என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்துச் சொல்கிறாள். அண்ணன் படம் சுவரில் இருந்தது. இப்போது அவள் தலையணைக்குக் கீழே இருக்கிறது, நான் பார்க்கக்கூடாது என்று.

நீ எனக்குப் பதில் எழுத வேண்டாம். மாமாவைப் பார்க்க விடும் நாளில் இந்தக் கடிதம் முழுவதையும் படித்துக் காட்டவும் வேண்டாம். கம்பிக்கு அந்தப் பக்கம் நிறையப் பேர் கத்திப் பேசுவார்களாம், காதில் விழாது. ஒன்றை மட்டும், அவருக்கு விளங்கும்வரை சொல்.

பாலு கேட்டது ஃபேனைத்தான்.

அன்பு